விழிப்புணர்வை எல்லைக்கோட்டுக்கு வெளியே தொடங்குங்கள், ரீச்சர்

கேள்வி: வடமராட்சியில் ஒரு கலவன் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த முறை இல்ல மெய்வல்லுநர் போட்டியை உளநல விழிப்புணர்வோடு சேர்த்து நடத்தலாம் என்று அதிபரிடம் கேட்டேன், ஓம் என்றுவிட்டார். ஒரு பெரிய பதாகை, அணிநடை முடிந்ததும் உறுதிமொழி, வைத்தியர் ஒருவரின் அரைமணிநேரப் பேச்சு, இவ்வளவும் திட்டம். ஆனால் இரண்டு பெற்றோர் வந்து "எங்கட பிள்ளையளுக்கு விசர்ப் பட்டம் கட்டப் போறியளோ" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். இன்னொன்று, போன வருடம் மாகாண மட்டத்தில் 800 மீற்றரில் பதக்கம் எடுத்த மாணவன் ஒருவன், உயர்தரம் படிக்கிறான், சில மாதமாகப் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. தொடை பிடிக்கிறது என்கிறான், ஸ்கானில் ஒன்றுமில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். வலைப்பந்தாட்ட அணித்தலைவி ஒரு தோல்விக்குப் பிறகு மூன்று நாள் பாடசாலைக்கே வரவில்லை. இவர்களோடு நான் கதைக்கலாமா? கதைத்து ஏதும் பிழையாகிவிடுமா? எங்கே அனுப்புவது? நீங்கள் எங்கள் பாடசாலைக்குப் பேச வருவீர்களா?

பதில்:

ரீச்சர், பதாகையையும் உறுதிமொழியையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். கடிதத்தின் நடுவில் 'இன்னொன்று' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெடியனைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அவனுடைய விஷயம் விளையாட்டுப் போட்டி வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். உயிராக இருந்த ஓட்டத்தில் இருந்து ஒதுங்குகிறான், உடம்பில் நோ என்கிறான், சோதித்தால் ஒன்றும் அகப்படவில்லை, எரிந்து விழுகிறான். மனச்சோர்வு என்றால் மூலையில் இருந்து அழுவது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள், ஆனால் பதின்ம வயதில் அது பல தடவை கோபமாகத்தான் வரும், சோம்பலாக வரும், தலையிடி, வயிற்றுநோ, கால்நோ என்று வரும். பெடியன்களிடம் இன்னும் கூட. 'கால் நோகுது' என்றால் வீட்டில் எண்ணெய் பூசி உருவி விடுவார்கள், 'மனம் சரியில்லை' என்றால் 'உனக்கென்ன குறை' என்று கேட்பார்கள். எதைச் சொன்னால் செல்லும் என்று பிள்ளைக்குத் தெரியும். அதற்காக அவன் பொய் சொல்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள், அவனுக்கு உண்மையாகவே நோகிறது.

அதேநேரம் உடம்பையும் கைவிடக் கூடாது. நடுத்தூர ஓட்டக்காரனுக்கு இரத்தச்சோகை இருந்தால், தைரொயிட் பிரச்சினை இருந்தால், இதே களைப்பும் இதே எரிச்சலும் வரும். போதிய ஓய்வில்லாமல் அளவுக்கு மிஞ்சிப் பயிற்சி செய்த உடம்பும் இப்படித்தான் நடந்துகொள்ளும், மனச்சோர்வையும் அதையும் பிரித்துப் பார்ப்பது வைத்தியர்களான எங்களுக்கே கஷ்டம். ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையை முதலில் செய்விக்கச் சொல்லுங்கள். அப்புறம் நித்திரை. உயர்தரக்காரன் விடியப்புறம் எழும்பி ரியூசன், பிறகு பாடசாலை, பின்னேரம் மைதானம், இரவு திரும்ப ரியூசன், வந்து சாப்பிட்டுவிட்டுப் பாடம், பிறகு போன். அந்த வயதில் 8 முதல் 10 மணிநேரம் நித்திரை வேண்டும். அவனிடம் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்புகிறாய் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதை அதிலேயே வந்துவிடும்.

கதைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கட்டாயம் கதைக்க வேண்டும், உங்களை விட அதற்குப் பொருத்தமான ஆள் பாடசாலையில் இல்லை. வகுப்பாசிரியர் அவனை மேசைக்குப் பின்னால் இருக்கிற நேரம்தான் பார்க்கிறார். அவன் மூச்சு வாங்குவதையும், விழுவதையும், வெல்வதையும், மற்றவனோடு அடிபடுவதையும் பார்ப்பவர் நீங்கள். ஓட்டம் குறைந்ததை நேரக்கணிப்பில் கண்டுபிடிப்பது போலவே சிரிப்புக் குறைந்ததையும் கண்டுபிடித்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

அறைக்குக் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கேட்காதீர்கள், விசாரணை என்று நினைப்பான். பயிற்சி முடிந்து கூம்புகளையும் தடைகளையும் எடுத்து வைக்கிற நேரம், எல்லோர் கண்ணிலும் படுகிற ஆனால் காதில் விழாத தூரத்தில், பக்கத்தில் நடந்துகொண்டே கேளுங்கள். பெடியன்கள் முகத்தைப் பார்த்துக் கதைப்பதை விடப் பக்கத்தில் நின்று கதைப்பதுதான் கூட. "கொஞ்ச நாளா உன்னைப் பாக்கிறன், முந்தி மாதிரி இல்லை. ஓட்டத்தைப் பற்றிக் கேக்க வரேல்லை, நீ எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டமான வேலை, ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கஷ்டம், குறை நினைக்காதீர்கள். அவன் 'ஒண்டுமில்லை ரீச்சர்' என்பான். சரி, ஒன்றுமில்லை என்றால் நல்லது, ஆனால் நான் திரும்பக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி அடுத்த கிழமை திரும்பக் கேளுங்கள். முதல் தடவையிலேயே திறக்கிற பிள்ளைகள் குறைவு.

சொல்லக் கூடாதவை சில இருக்கின்றன. 'உன்னை நம்பித்தான் பாடசாலை இருக்கு' என்பது அதில் முதலாவது. அன்பாகத்தான் சொல்கிறோம், அவன் தலையில் இன்னொரு மூட்டையாக அது ஏறும். 'நாங்கள் பாக்காத கஷ்டமோ, பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள்' என்பது இரண்டாவது, இது எங்கள் ஊருக்கே உரிய வசனம். உண்மைதான், நாங்கள் பார்த்தோம். ஆனால் 2009ல் போர் முடிந்த பிறகு வளர்ந்த பிள்ளையின் வேதனையை எங்கள் இடப்பெயர்வோடு நிறுத்துப் பார்த்து உன்னுடையது பாரம் குறைவு என்று சொன்னால் அவன் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். இன்னொரு பக்கத்தில், அந்தக் காலத்தின் பாரம் எந்தெந்த வீட்டில் எப்படி இறக்கி வைக்கப்படாமல் இருக்கிறது, எந்தத் தகப்பன் இரவில் நித்திரையில்லாமல் குடிக்கிறார் என்பதெல்லாம் அந்தப் பிள்ளைதான் சுமக்கிறது என்பதையும் நாங்கள் மறக்கக் கூடாது.

'யாருக்கும் சொல்ல மாட்டன்' என்றும் சத்தியம் செய்துகொடுக்காதீர்கள். "உன்ரை உயிருக்கோ வேற ஆளின்ரை உயிருக்கோ ஆபத்தெண்டா மட்டும் நான் சொல்லத்தான் வேணும், மற்றதெல்லாம் உன்னைக் கேட்டுத்தான்" என்று முதலே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்வார்கள். நீங்கள் சத்தியம் செய்து பிறகு உடைத்தால்தான் ஏற்க மாட்டார்கள்.

கதைத்துப் பிழையாகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு ஏன் என்று தெரிகிறது. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே போட்டுவிடுவோமோ என்ற பயம். அப்படி நடப்பதில்லை, இது ஆராய்ந்து பார்த்த விஷயம். கேட்டால் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரம் இறங்கும். அவன் கதையில் 'இருந்து என்ன பிரியோசனம்' என்ற மாதிரி ஏதாவது வந்தால், தன் ஸ்பைக்ஸ், சான்றிதழ் என்று விருப்பமான பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், நேராகவே கேளுங்கள்: "இப்பிடிக் களைச்சுப் போகேக்கை சில பேருக்குச் செத்தால் நல்லம் எண்டு ஒரு நினைப்பு வரும். உனக்கும் வாறதோ?" ஓம் என்றால் பதறாதீர்கள், திட்டாதீர்கள், தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழைத்து அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள், வீட்டில் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சிமருந்துகளையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று எதைத் தள்ளினாலும் இதைத் தள்ளக் கூடாது.

அணித்தலைவிக்கு வருவோம். தோற்றுவிட்டு அழுவது நோயில்லை, அழாவிட்டால்தான் நான் யோசிப்பேன். மூன்று நாள் பாடசாலைக்கு வராதது வேறு. அது வெட்கம், வெட்கத்தை விடப் பெரும்பாலும் பயம். அன்றைக்கு மைதான ஓரத்தில் யார் யார் நின்றார்கள், என்ன சொன்னார்கள், வீட்டுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் என்ன கதை நடந்தது என்று தெரிந்துகொள்ளப் பாருங்கள். எத்தனையோ பிள்ளைகள் எனக்குச் சொல்வது ஒன்றுதான், மற்ச் தோற்றது பெரிதில்லை, அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற அந்த வழிதான் பெரிது என்று. பெண் பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று சாப்பாடு. உடம்பைப் பற்றி யாராவது பகிடி விட்டதற்காகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அதே பயிற்சியைச் செய்தால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், மனமும் சேர்ந்தே விழும். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், 'நல்லது, போட்டிக்கு இடைஞ்சல் இல்லை' என்று விடுகிற விஷயமில்லை. இரண்டாவது, அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் எப்படிப்பட்டவர் என்பது. வெளியில் இருந்து வந்து உதவுகிற பயிற்றுநர்கள் பலர் தங்கமானவர்கள், சம்பளமும் இல்லாமல் செய்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஒருவர் வரும் நாளில் மட்டும் வராமல் விடுகிறது என்றால் அதைக் கவனியுங்கள். சந்தேகம் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், பெயர் சொல்லாமலும் கதைக்கலாம்.

இனி உங்கள் விழா.

அரைமணிப் பேச்சால் ஒன்றும் நடக்காது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன், பேசக் கூப்பிட்ட ஆளே இப்படிச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். வெயிலில் அணிநடை போய் வந்து நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரம் தேவை தண்ணீர். பொதுவாக எல்லோரையும் இருத்தி வைத்துப் படிப்பிக்கிற உளநலம் எவ்வளவு தூரம் போகும் என்பதிலேயே சந்தேகம் இருக்கிறது. பிரித்தானியாவில் 80க்கு மேற்பட்ட பாடசாலைகளில் 8,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, வகுப்பறையில் மனதை ஒருமுகப்படுத்தும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2022ல் வந்தது, வழமையான பாடங்களை விட அது எந்த விதத்திலும் மேலாக இருக்கவில்லை. நல்ல நோக்கம், நல்ல ஆசிரியர்கள், பணமும் இருந்தது, அப்படியும்.

அவுஸ்திரேலியாவில் வேறு மாதிரிச் செய்தார்கள். 'அஹெட் ஒஃப் த கேம்' என்ற திட்டம், ஊர் விளையாட்டுக் கழகங்களில் உள்ள பதின்ம வயதுப் பெடியன்களுக்கு. அதில் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு வைக்கவில்லை, பெற்றோருக்கும் பயிற்றுநர்களுக்கும் தனித்தனியாக வைத்தார்கள். அதில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதகளிப்பு பற்றிய விளக்கம் கூடியது, தேவைப்பட்டால் உதவி கேட்பேன் என்ற எண்ணமும் கூடியது. எனக்கு இதில் பிடித்தது பெரியவர்களை உள்ளே இழுத்ததுதான். எங்கள் பிள்ளைகளுக்கு உளநலம் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் நினைக்கவில்லை, அவர்கள் போனில் எங்களை விடக் கூட வாசிக்கிறார்கள். 'எனக்கு ஏலாமல் இருக்கு' என்று அவர்கள் சொல்லும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிற எங்களுக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே விழிப்புணர்வு யாருக்கு என்று கேட்டால், முதலில் பயிற்றுநர்கள், பிறகு பெற்றோர், பிறகு பழைய மாணவர்கள். பிள்ளைகள் கடைசியில்தான்.

பழைய மாணவர்களைச் சும்மா இழுக்கவில்லை. எங்கள் ஊரில் பாடசாலை விளையாட்டு பாடசாலைக்குள் நிற்பதில்லை. 1904ல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமரைப் பாருங்கள், யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் கிரிக்கெட்டில் மோதுகிற அந்த மூன்று நாளுக்கு லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள், வர முடியாதவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். அருமையான விஷயம், எனக்கும் பிடிக்கும். ஆனால் 17 வயதுப் பிள்ளை ஒரு பிடியைத் தவறவிட்டால் அதற்குக் கீழே எழுதப்படுவதை அந்தப் பிள்ளை அன்றிரவு போனில் ஒவ்வொன்றாக வாசிக்கிறது. எழுதுபவருக்கு 50 வயது, நல்ல வேலை, இரண்டு பிள்ளைகள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனாலும் உங்கள் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு, பிள்ளைகளைப் பெயர் சொல்லி விமர்சிக்க வேண்டாம் என்று அதிபரின் கையெழுத்தோடு ஒரு சின்னக் கடிதம் போடலாம். பதாகைக்குப் போகிற காசும் மிச்சம்.

பெரிய மற்ச் அன்றைக்குப் பிள்ளையின் போனை வாங்கி வைக்கச் சொல்லவில்லை. அடுத்த நாள் நீங்கள் அவனைத் தேடிப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது அந்த இரண்டு பெற்றோர். அவர்களோடு எனக்குக் கோபமில்லை. பகிடிக்கு 'மந்திகையிலை கொண்டுபோய் விடு', அதாவது மனநோய் ஆஸ்பத்திரியில் விடு, என்று சொல்லி வளர்ந்த ஊர் இது, உங்கள் வடமராட்சிக்கே அது தெரியும். நாளைக்குக் கலியாணப் பேச்சு வரைக்கும் இந்தப் பேர் வருமோ என்று தாய் பயப்படுகிறாள். அவர்களிடம் உளநோய், விழிப்புணர்வு என்ற சொற்களோடு போகாமல் ஓட்டத்தைப் பற்றிக் கதையுங்கள். நித்திரை குறைந்தால் நேரம் குறையும், பயத்தோடு ஓடினால் தசை இறுகும், தோற்றவுடன் திட்டினால் அடுத்த போட்டியில் கால் வராது என்று சொல்லுங்கள். இதில் ஒன்றும் ஏமாற்று இல்லை, எல்லாம் உண்மை. 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு உளநலப் பிரச்சினை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அப்படியென்றால் முப்பது பேர் உள்ள ஒரு பயிற்சிக் குழுவில் நாலு பேர். அந்த நாலு பேர் யார் என்று பெயர் சொல்ல நாங்கள் வரவில்லை, எல்லோரோடும் ஒரே மாதிரி நடக்கப் பழகுகிறோம் என்று விளங்கப்படுத்தினால் அந்தப் பயம் பாதி குறையும்.

ஒரு கதையும் சொல்லுங்கள், கிரிக்கெட் என்றால் தகப்பன்மார் காது கொடுப்பார்கள். 2019 ஒக்ரோபரில் இலங்கை அணி அவுஸ்திரேலியா போனபோது, அடிலெய்டில் கிளென் மக்ஸ்வெல் 28 பந்தில் 62 அடித்தார். எங்கள் பந்துவீச்சாளர்கள் பாவம். சில நாள் கழித்து, அதே தொடரின் நடுவில், மனம் சரியில்லை என்று சொல்லி அணியில் இருந்து விலகினார். அந்த அடி அடிக்கும்போதே அவருக்கு உள்ளே சந்தோசம் ஒன்றும் இருக்கவில்லை. அதை முதலில் கண்டுபிடித்து யாரோடாவது கதை என்று சொன்னவர் பிறகு அவர் கலியாணம் கட்டிய வினி ராமன், தமிழ்க் குடும்பத்துப் பெண், 2022ல் அவர்களுடைய தமிழ்க் கலியாணக் கார்ட் எங்கள் ஆட்களின் போன் எல்லாம் சுற்றியது ஞாபகம் இருக்கும். கொஞ்ச காலத்தில் திரும்பி வந்து பழையபடி ஆடினார். ஜிம்னாஸ்டிக்ஸில் சிமோன் பைல்ஸ் இதைவிடப் பெரிய மேடையில், 2021ல் ரோக்கியோ ஒலிம்பிக்கின் குழு இறுதிப் போட்டியிலேயே ஒதுங்கினார், அப்போது கேட்காத பேச்சில்லை. 2024 பாரிஸில் மூன்று தங்கம். நன்றாக விளையாடுகிற பிள்ளை நன்றாகத்தான் இருக்கும் என்ற எங்கள் கணக்கு எவ்வளவு பிழை என்று காட்டத்தான் மக்ஸ்வெல் கதை எனக்கு இன்னும் பிடிக்கிறது. ஓட்டம் குறைந்ததால் உங்கள் பெடியனைக் கண்டீர்கள். ஓட்டம் குறையாமலே உள்ளே உடைந்துகொண்டிருக்கிற பிள்ளையும் உங்கள் அணியில் இருக்கலாம்.

விளையாட்டு மனதுக்கு மருந்து என்று எல்லோரும் சொல்கிறார்கள், பதாகையிலும் அதைத்தான் எழுதப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். உண்மைதான், ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்குப் பொதுவாக மனச்சோர்வு குறைவு. ஆனால் அந்த மருந்தை யார் கையால் கொடுக்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. அது எங்கே கெடுகிறது என்று பார்க்க வேண்டும் என்றால் காயம்பட்ட பிள்ளையைப் பாருங்கள். முழங்காலுக்குள் இருக்கிற முன் குறுக்கு இணைப்புநார் (ACL) அறுந்து சத்திரசிகிச்சை செய்தால் குறைந்தது ஒன்பது மாதம் விளையாட முடியாது. அந்த ஒன்பது மாதம் அவன் என்னவாக இருக்கிறான்? நேற்று வரைக்கும் பாடசாலையில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது, கன்ரீனில் ஒரு இடம் இருந்தது, பின்னேரம் நாலு மணிக்குப் போக ஒரு இடம் இருந்தது. இப்போது கூட்டாளிகள் எல்லாம் மைதானத்தில், அவன் வீட்டில். விளையாட்டால் பின்தங்கின படிப்பை இப்போதாவது படி என்று எல்லோரும் சொல்வார்கள், அவன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். இந்தக் காலத்தில்தான் சில பெடியன்கள் சந்தியில் வேறு கூட்டத்தோடு சேருகிறார்கள், எங்கள் மாவட்டத்தில் போதைப்பொருள் எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரு விதி போடுங்கள், அது எந்த உறுதிமொழியையும் விடப் பெறுமதி: காயம்பட்டவர் பயிற்சி நாளில் மைதானத்துக்கு வர வேண்டும், அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். நேரம் எடுக்கட்டும், ஆகச் சின்ன இரண்டு வயதுப் பிரிவுக்கும் தொடக்கப் பயிற்சி சொல்லிக் கொடுக்கட்டும், ஸ்கோர் எழுதட்டும். பேருந்தில் போட்டிக்குப் போகும்போது அவருக்கும் ஒரு ஆசனம். தலையில் அடிபட்ட பிள்ளை என்றால் இன்னும் கவனம், உதைபந்தாட்டத்தில் தலையோடு தலை மோதிய பிறகு வருகிற எரிச்சல், மந்தம், நித்திரைக் குழப்பம் எல்லாம் மூளை அதிர்ச்சியின் அறிகுறியாக இருக்கலாம், வைத்தியர் சொல்லும் வரைக்கும் விளையாட விடாதீர்கள்.

அணியில் தெரிவாகாத பிள்ளையும் இதே கணக்குத்தான். பெயர்ப் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டுப் போகாமல், இல்லாதவர்களிடம் நீங்களே போய் ஒரு வசனம் சொல்லுங்கள்.

விழாவில் ஏதும் செய்யத்தான் வேண்டும் என்றால் பேச்சுக்குப் பதிலாகப் பரிசளிப்பில் கை வையுங்கள். எங்கள் மேடைகளில் முதலாம் இடத்துக்கு மட்டும்தான் பெயர் உண்டு. எதிர்வீரசிங்கம் 1958ல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்து வந்த ஊர், அந்தப் பெருமையை விட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் காயத்தில் இருந்து திரும்பி வந்து கடைசியாக ஓடி முடித்த பிள்ளையையும், வருடம் முழுக்க மற்றவர்களுக்குத் தண்ணீர் தூக்கின பிள்ளையையும் ஒருக்கால் மேடைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள், பெற்றோர் பக்கத்தில் இருந்து கைதட்டல் எப்படி வருகிறது என்று. அந்தக் கைதட்டலுக்குப் பிறகு இரண்டு நிமிடம் நீங்களே பேசுங்கள், எந்த வைத்தியரும் வேண்டாம். "ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லலாம், ஆரிட்டைச் சொல்லுறது எண்டு தெரியாட்டி என்னட்டை வாங்கோ" என்பதுதான் விஷயம்.

அணித்தலைவர்களைப் பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது யோசனை சொல்வார்கள். கவனிக்கப் பழக்கலாம், வந்து சொல்லப் பழக்கலாம், உளவளத்துணை செய்ய மட்டும் விடாதீர்கள். 18 வயதுப் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையின் சாகிற கதையை இரவு ஒரு மணிக்குப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிற பொறுப்பைக் கொடுப்பது அநியாயம். அதே மாதிரி, எல்லோருக்கும் கேள்விக்கொத்து கொடுத்து யாருக்கு மனச்சோர்வு என்று பார்ப்போம் என்று சிலர் வருவார்கள். பதில் வந்த பிறகு அந்தப் பிள்ளைகளை அடுத்த நாள் யார் பார்ப்பது என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் கேள்விக்கொத்தும் வேண்டாம்.

எங்கே அனுப்புவது? முதலில் உங்கள் பாடசாலையிலேயே வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருப்பார், அவருக்கு வேறு பாடமும் கொடுத்து நிரப்பி வைத்திருப்பார்கள், தெரியும். ஆனாலும் அவரை ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டி வந்து பிள்ளைகளுக்கு முகம் காட்டி விடுங்கள். அடுத்தது வைத்தியசாலை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம், அங்கே கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்கள். காசு கட்டத் தேவையில்லை. பெற்றோர் வைத்தியசாலை என்றால் வர மாட்டோம் என்று நின்றால் யாழ்ப்பாணத்தில் சாந்திகம் இருக்கிறது, உளவளத்துணைக்கு நீண்ட காலமாக இயங்குகிற இடம். இரவு நேரம் என்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணிநேரமும் எடுப்பார்கள். இந்த இலக்கத்தைப் பதாகையில் போடாமல், தண்ணீர்ப் போத்தல்கள் வைக்கிற சுவரில் சின்னதாக ஒட்டி வையுங்கள், யாரும் பார்க்காத நேரத்தில் பார்க்கிற மாதிரி.

பேச வருவீர்களா என்றால், வருவேன், ஆனால் விளையாட்டுப் போட்டி நாளில் இல்லை. அதற்கு ஒரு மாதம் முதல், பயிற்சி நாள் ஒன்றில், உங்கள் பயிற்றுநர்களையும் வரக்கூடிய பெற்றோரையும் மைதான ஓரத்தில் இருத்தி வையுங்கள், ஒலிவாங்கி வேண்டாம், மாலையும் வேண்டாம். சத்தம் போட்டுவிட்டுப் போன அந்த இரண்டு பேரையும் நீங்களே போன் எடுத்துக் கட்டாயம் கூப்பிடுங்கள், அவர்கள் கேட்கிற கேள்விகளில் இருந்துதான் நான் தொடங்க நினைக்கிறேன். பெடியனோடு இந்தக் கிழமையே கதைத்துவிட்டு, இரண்டு கிழமைக்குள் மாற்றம் ஒன்றும் இல்லை என்றால் தாயோடு கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள், தாயிடம் நித்திரைக்கும் களைப்புக்கும் காட்ட என்று சொன்னாலே போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.